பகலுக்கு ஒரு படம், இரவுக்கு ஒரு படம்: நாட்டுப்புற மரபிலிருந்து ஒளிரும் உலோகச் சிற்பம் வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

நான் முதலில் செய்தது ஒரு பறவை. தகட்டில் வெட்டிய கண், கழுத்தில் வளையங்கள், இறகில் வரிசை வரிசையாகத் துளைகள். பகலில் பார்த்தவர்களெல்லாம் பறவை என்றார்கள். பொழுது சாய்ந்து உள்ளே விளக்கைப் போட்டதும் பறவையைக் காணவில்லை. இருட்டில் ஒரு கண்ணும், கொஞ்சம் வளையங்களும், சில புள்ளிகளும் மிதந்தன. வெளிக்கோடு முழுவதும் தகடாக இருந்ததால் அது இரவோடு சேர்ந்து கறுத்துவிட்டது.

வெளியில் நிற்கும் ஒளிச்சிற்பத்தில் இதுதான் முதல் பாடம். பகலில் தகடு படம், துளை பின்னணி. இரவில் துளை படம், தகடு பின்னணி. ஒரே வெட்டில் இரண்டு படங்களை வரைகிறோம். இதை மனத்தில் வைத்து உட்கார்ந்தால் பாதி வேலை சுலபம். நாட்டுப்புறக் கலைஞர்கள் பலர் இந்தச் சிக்கலைத் தோலிலும் காகிதத்திலும் எப்போதோ தீர்த்துவைத்திருக்கிறார்கள். ஆகவே அவர்களிடமிருந்து தொடங்குவோம்.

1. உருவத்தை அல்ல, இலக்கணத்தை எடுங்கள்

பெரும்பாலானோர் ஒரு மயிலையோ குதிரையையோ இணையத்திலிருந்து எடுத்து, அப்படியே தகட்டில் வெட்டக் கொடுத்துவிடுகிறார்கள். அது பெரிதாக்கிய ஸ்டிக்கர் போலத்தான் நிற்கும். ஒவ்வொரு மரபுக்கும் ஒரு கட்டு இருக்கிறது: எது எதைத் தாங்குகிறது, கருவி எதை அனுமதிக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது. அந்தக் கட்டைப் பிடித்துக்கொண்டால் உருவம் உங்களுடையதாக இருக்கலாம்.

மெக்சிகோவின் பப்பேல் பிக்காடோ காகித வெட்டைக் கவனியுங்கள். பல தாள்களை அடுக்கி, உளியால் ஒன்றாகக் கொத்துவார்கள். படத்துக்குப் பின்னால் வலைபோல ஒரு கட்டம் ஓடும். அலங்காரம் மட்டுமல்ல அது. அந்த வலை இல்லாவிட்டால் படம் உதிர்ந்துவிடும். ஹெய்ட்டியின் குரோவா-டி-பூக்கே கொல்லர்கள் பழைய எண்ணெய் டிரம்மைப் பிளந்து, உள்ளே நெருப்பு மூட்டி எரித்து, தட்டித் தட்டித் தட்டையாக்கி, சாக்பீஸால் வரைந்து உளியால் வெட்டுவார்கள். கல்லறைச் சிலுவைகள் செய்துகொண்டிருந்த ஜார்ஜ் லியோட்டோ என்ற கொல்லர் 1950களில் கலைஞராக அறியப்பட்ட பிறகு வளர்ந்த வழி இது. அந்தத் தகட்டின் அளவு டிரம்மின் அளவு. அதற்குள் அடங்கும்படி உருவங்கள் ஒன்றோடொன்று ஒட்டியும் சுருண்டும் நிற்கும். சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் இரும்பு விளக்குத் தண்டுகளைச் செய்பவர்களோ அடித்து நீட்டிய கம்பியை வளைத்தே மானையும் பறவையையும் கொண்டுவருகிறார்கள்.

நிழற்கூத்து மரபுகள் நமக்கு இன்னும் நெருக்கம். ஆந்திரத்துத் தோலுபொம்மைகளில் தோல் ஒளி ஊடுருவுமளவு மெல்லியதாக, சாயம் பூசியதாக இருக்கும். திரையில் விழுவது வண்ணம். கேரளத் தோல்பாவைக்கூத்தில் பாவை கறுத்து நிற்க, துளைகள் மட்டுமே நகையையும் ஆடையையும் கண்ணையும் காட்டும். நம்முடைய தகடு இரண்டாவதன் தம்பி. கேரளப் பாவையில் உருவத்தின் விளிம்பை ஒட்டியே துளைகள் ஓடுவதைப் பாருங்கள். என் பறவையில் இல்லாமல் போனது அதுதான்.

ஒரு எச்சரிக்கை. சில உருவங்கள் வழிபாட்டுக்கோ, ஒரு குடியின் சடங்குக்கோ மட்டும் உரியவை. அப்படிப்பட்டவற்றைப் பூங்காவிலோ உணவகத்து வாசலிலோ நிறுத்துமுன், அந்த மரபைச் சேர்ந்தவர்களிடம் கேளுங்கள். வடிவமைப்பில் அவர்கள் கை இருந்தால் கூலியும் பெயர்ப்பலகையில் பெயரும் அவர்களுக்கு உண்டு.

2. எது துளை, எது உலோகம்

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது.

சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தன்னைத்தானே வெட்டிக்கொண்டு, தொடங்கிய இடத்துக்கே திரும்பும் கோடு. இந்தக் கோட்டைத் தகட்டில் துளையாக வெட்டினால் என்ன ஆகும்? கோடு சூழ்ந்த ஒவ்வொரு புள்ளித் தீவும் கழன்று தரையில் விழும். மூடிய கோட்டுக்குள் இருக்கும் எதுவும் தகட்டோடு ஒட்டியிருக்காது. கோலத்தைத் துளையாக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தீவையும் தகட்டோடு பிடித்துவைக்க, வெட்டாமல் விடும் இரண்டு மூன்று பாலங்கள் வேண்டும். கோட்டின் ஓட்டம் அங்கங்கே அறுபடும்.

தலைகீழாக யோசியுங்கள். கோட்டையே உலோகமாக்கி, சுற்றியுள்ள இடத்தையெல்லாம் எடுத்துவிடுங்கள். இப்போது கோடு முழுவதும் ஒரே துண்டு. 10 அல்லது 12 மி.மீ. கம்பியில் வளைத்தால் கோடு தன்னை வெட்டும் ஒவ்வொரு இடமும் ஒரு வெல்டிங் முனையாகி, மொத்தமும் விறைப்பாகிவிடும். நடுவில் உள்ள புள்ளிகளைத்தான் பிடித்துவைக்க வழியில்லை. அவற்றை எடுத்துவிட்டு, பின்னாலுள்ள பலகையில் சிறு விளக்குகளாக வைத்தால் கோலம் கறுப்பாகவும் புள்ளிகள் ஒளியாகவும் நிற்கும்.

எந்த மரபை எடுத்தாலும் தாளில் கறுப்பு மையால் ஒருமுறை, அதையே கறுப்பும் வெள்ளையும் இடம் மாற ஒருமுறை வரையுங்கள். இரண்டிலும் உருவம் தெரிகிறதா? தெரியவில்லையென்றால் வெளிக்கோட்டுக்குள்ளேயே இன்னொரு கோடு துளைகளால் ஓடட்டும். என் கணக்கு: முகப்புத் தகட்டில் கால் பங்குக்கு அருகே வெட்டினால் இரண்டு நேரத்துக்கும் பொருந்துகிறது. பாதிக்கு மேல் வெட்டினால் பகலில் சல்லடை, இரவில் வெறும் விளக்குப் பெட்டி.

அளவுகளில் சில: துளையின் குறுக்களவு தகட்டின் தடிமனுக்குக் குறையக்கூடாது. இரு துளைகளுக்கு நடுவே நிற்கும் பாலம் தடிமனைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். நீளமான பாலமென்றால் இன்னும் அகலம். 3 மி.மீ. தகட்டில் 6 மி.மீ. பாலம் என்பது கீழ் எல்லை. குழந்தைகள் கை எட்டும் உயரத்தில் 8 முதல் 25 மி.மீ. வரையிலான திறந்த துளைகள் விரலைப் பிடித்துக்கொள்ளும். விளையாட்டுத் திடல் கருவிகள் செய்பவர்கள் தவிர்க்கும் அளவு அது. அந்த உயரத்தில் பின்னால் ஒரு தடுப்புத் தகடு வையுங்கள்.

3. அட்டையில் ஒரு மாதிரி, இருட்டில் ஒரு சோதனை

கறுப்பு அட்டையில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் வெட்டுங்கள். உள்ளே ஒரு சிறு விளக்கு. அறையை இருட்டாக்கி, சிற்பத்தைப் பார்ப்பவர் நிற்கும் தூரத்திலும் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி நின்று பாருங்கள். 10 மீட்டரிலிருந்து பார்க்க வேண்டிய சிற்பமென்றால் 2 மீட்டர். நுண்ணிய வேலைப்பாடு என்று நீங்கள் இரவெல்லாம் வெட்டியதில் பாதி அந்தத் தூரத்தில் கரைந்துவிடும். வருத்தமாக இருக்கும், ஆனால் தகட்டை வெட்டிய பிறகு வருந்துவதைவிட இது மலிவு.

4. ஒளி ஒரு முனையா, ஒரு வரிசையா

ஜாவாவின் வயாங் கூலித் நிழற்கூத்தில் மரபுப்படி ஒரே ஒரு எண்ணெய் விளக்கு. நிழல் கூர்மையாக விழும். பாவை விளக்கை நோக்கி வந்தால் பூதமாகப் பெருகும். கேரளத் தோல்பாவைக்கூத்திலோ திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் வரிசையாக எரியும்; திரை முழுவதும் ஒரே சீரான மென்மை. உங்கள் சிற்பத்துக்கும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சிற்பத்தின் முகம் ஒளிர வேண்டுமா, அல்லது அதன் வடிவம் தரையிலும் சுவரிலும் விழ வேண்டுமா? இரண்டும் வேண்டுமென்று நீளமான எல்.இ.டி. பட்டை விளக்கையும் ஒரே புள்ளியாக எரியும் முனை விளக்கையும் சேர்த்துப் போட்டவர்கள் இரண்டையும் இழந்திருக்கிறார்கள். பட்டை விளக்கு நிழலைக் கழுவிவிடும்.

நிழல் விழ வேண்டுமென்றால் விளக்கு சிறியதாக இருக்க வேண்டும். கணக்கு எளிது: நிழலின் ஓரம் எவ்வளவு மங்கும் என்பது, விளக்கின் அகலத்தைத் தகட்டிலிருந்து தரைவரையுள்ள தூரத்தால் பெருக்கி, விளக்கிலிருந்து தகடுவரையுள்ள தூரத்தால் வகுத்தால் கிடைக்கும். 2 செ.மீ. அகல விளக்கு, தகடு 30 செ.மீ. தள்ளி, தரை இன்னும் 2 மீட்டர் தள்ளி என்றால் ஓரம் 13 செ.மீ.க்குக் கலங்கும். பூ வேலைப்பாடு மேகமாகிவிடும். அதே இடத்தில் 5 மி.மீ. விளக்கு என்றால் 3 செ.மீ.தான். உருண்டை அல்லது பானை வடிவச் சிற்பத்துக்கு இந்த வழி அழகு.

முகம் ஒளிர வேண்டுமென்றால் பட்டை விளக்கு. இனி ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம்: 2 மீட்டர் உயரம், 1 மீட்டர் அகலம், 25 செ.மீ. ஆழம், இரு முகத்திலும் வெட்டுத் தகடு கொண்ட பெட்டிபோன்ற சிற்பம். உள்ளே நடுவில் பளபளப்பில்லாத வெள்ளை பூசிய ஒரு தகடு. விளக்குப் பட்டைகளைப் பக்கச் சட்டத்தின் மடிப்புக்குள் ஒளித்து, வெள்ளைத் தகட்டை நோக்கித் திருப்பிவிடுங்கள். பார்ப்பவர் கண்ணில் படுவது எதிரொளி மட்டும், எல்.இ.டி. புள்ளிகள் தெரியாது. ஓரத்தில் கூடி நடுவில் குறையும் அந்த ஒளி, துணிக்குப் பின்னால் விளக்கு எரிவதைப்போல உயிரோடு இருக்கும். ஒவ்வொரு முகத்துக்கும் இரு பக்கம், பக்கத்துக்கு 2 மீட்டர்: மொத்தம் 8 மீட்டர் பட்டை. மீட்டருக்கு 6 வாட் போதும். 48 வாட்.

ஒளியின் நிறத்தைச் சொல்லும் நிறவெப்பம் (எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்) 2200 முதல் 2700 கெல்வினுக்குள் இருக்கட்டும். எண்ணெய் விளக்கில் பிறந்த மரபை 6000 கெல்வின் நீலவெள்ளையில் காட்டினால் மருந்துக்கடைப் பலகை மாதிரி இருக்கும். நீலம் குறைந்த ஒளிக்குப் பூச்சிகளும் குறைவாகவே வரும். மங்கவைக்கும் வசதி கட்டாயம். வடிவமைக்கும்போது போதாது என்று தோன்றும் வெளிச்சம், இடத்தில் நிறுத்தியதும் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். நிறம் மாறும் விளக்கு வேண்டாமே என்பது என் பிடிவாதம்.

எல்.இ.டி. பட்டையை வெறும் தகட்டில் ஒட்டாமல் அலுமினியச் சேனலுக்குள் வையுங்கள். வெப்பம் வெளியேறினால்தான் ஆயுள். வெயிலில் காய்ந்த பசை ஒரு கோடைக்குமேல் நிற்பதில்லை என்பதால் கிளிப்பும் வேண்டும்.

5. எந்த உலோகம்

சாதா எஃகு மலிவு, வெட்டவும் பற்றவைக்கவும் எளிது. பூச்சுக்குக் கவனம் தேவை. 3 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 23.5 கிலோ. நம் உதாரணப் பெட்டி, சட்டமும் சேர்ந்து 150 கிலோவை நெருங்கும். அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் கனக்கும், துருவும் ஏறாது. ஆனால் அதைப் பற்றவைக்கத் தனிக் கை வேண்டும்.

கார்ட்டன் எஃகின் செம்பழுப்புத் துருவை நாட்டுப்புறக் கலைக்குப் பொருத்தமாகப் பலர் விரும்புகிறார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் துரு கவசமாகி உள்ளிருக்கும் எஃகைக் காக்க, நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் மடிப்பிலும் உப்புக்காற்று அடிக்கும் கடலோரத்திலும் அரிப்பு நிற்காது. முதல் சில மழையில் துருநீர் வழிந்து கீழேயுள்ள கல்லைக் கறையாக்கும். சுற்றிலும் சரளைக்கல் போட்டால் தப்பிக்கலாம். கடலோரத்துக்கு 316 ரகத் துருவேறா எஃகு. அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் உப்பைத் தாங்குகிறது. 304 ரகம் அங்கே பழுப்புப் புள்ளி போடும்.

இரண்டு உலோகங்களை நேரடியாகத் தொடவிடாதீர்கள். அலுமினியத் தகட்டில் துருவேறா எஃகு போல்ட் போடும்போது நைலான் வாஷரும் உறையும் இல்லையென்றால், ஈரத்தில் அலுமினியம் போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும்.

6. வரைபடமும் வெட்டும்

தகட்டை லேசரில் வெட்டக் கொடுக்கும் கோப்பு, வெட்டும் இயந்திரங்கள் படிக்கும் டி.எக்ஸ்.எஃப். வடிவில், மில்லிமீட்டரில், முழு அளவில் இருக்க வேண்டும். கோடுகள் எல்லாம் மூடியிருக்கட்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டைக் கோடு இருந்தால் லேசர் இரண்டு முறை ஓடி விளிம்பைக் கெடுக்கும். கையால் வரைந்ததை மென்பொருள் தானாகக் கோடாக்கும்போது ஆயிரக்கணக்கில் முனைகள் வந்துவிடும்; பொறுமையாகக் குறையுங்கள். ஆனால் இரு பாதியையும் கண்ணாடிப் பிம்பம்போலச் சரியாக்கிவிடாதீர்கள். கையின் சிறு கோணல் போய்விட்டால் மரபும் போய்விடுகிறது.

மெல்லிய தகட்டில் நெருக்கமாக வெட்டினால் வெப்பத்தில் நெளியும். விளிம்புகளை 20 மி.மீ. உள்ளே மடித்தால் விறைப்பும் கிடைக்கும், கூர்முனையும் மறையும்.

7. தண்ணீர் உள்ளே வரும்

வராமல் தடுப்பதைவிட, வந்த தண்ணீர் வெளியேற வழி விடுவதே நல்லது. இரவில் குளிர்ந்து பகலில் சூடாகும் எந்தப் பெட்டியும் மூச்சுவிடும்; ஈரக்காற்றை இழுத்து உள்ளே பனியாக வியர்க்கும். மிகத் தாழ்ந்த இடங்களில் 10 மி.மீ. வடிகால் துளைகள், மேலே மறைவில் ஒரு காற்றுத்துளை. ஒருமுறை அடிச்சட்டத்தில் துளை விட மறந்தேன். ஒரு மழைக்காலம் முடிந்து திறந்தபோது உள்ளே ஒரு சாண் தண்ணீர், அதில் தவளை.

துளைகளுக்குப் பின்னால் பால்வெள்ளை அக்ரிலிக் வைத்தால் இலை, குளவிக்கூடு, விரல் எதுவும் உள்ளே போகாது. ஆனால் அக்ரிலிக் வெப்பத்தில் அதிகம் விரியும்: 2 மீட்டர் நீளத் தகடு 40 டிகிரி ஏற்றத்துக்கு சுமார் 5.5 மி.மீ. நீளும்; எஃகு அதே வெயிலில் 1 மி.மீ. மட்டுமே. இறுக்கி முடுக்கினால் வெடிக்கும். திருகுத் துளைகளை நீள்வட்டமாக்கி, நடுவில் ஒன்றை மட்டும் இறுக்குங்கள்.

8. காற்றும் அடித்தளமும்

அழகு பேசும் எல்லாரும் அவசரமாகக் கடக்கும் பகுதி. சிற்பம் சாய்ந்தால் ஆளைக் கொல்லும் பகுதியும் இதுதான்.

காற்றின் அழுத்தம், வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு நியூட்டனில் கிடைக்கும். நொடிக்கு 40 மீட்டர் வேகப் புயல் என்றால் 960. நம் பெட்டியின் முகம் 2 சதுர மீட்டர். வடிவக் குணகம் (சிற்பத்தின் வடிவத்துக்கேற்பப் பெருக்கும் எண்) 1.2 என்று வைத்தால் 2,300 நியூட்டன், அதாவது 235 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுவதுபோல. துளைகள் காற்றை விடுமே என்று கழிக்காதீர்கள். பின்னால் வெள்ளைத் தகடு இருக்கிறது.

பெட்டியின் அடி தரையிலிருந்து 30 செ.மீ. மேலே என்றால் தள்ளும் மையம் 1.3 மீட்டர் உயரத்தில். பலர் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். கவிழ்வது தரைமட்டத்தில் அல்ல, அடித்தளத்தின் அடி விளிம்பில். 80 செ.மீ. ஆழமென்றால் நெம்புதூரம் 2.1 மீட்டர், கவிழ்க்கும் திருப்பம் சுமார் 4,800 நியூட்டன்-மீட்டர். 80 செ.மீ. கன சதுரக் கான்கிரீட் ஏறக்குறைய 1,230 கிலோ. அது எதிர்ப்பதும் 4,800தான். கத்தி முனையில் நிற்கிறது. 1 மீட்டருக்கு 1 மீட்டர் பரப்பு, 80 செ.மீ. ஆழம் என்று மாற்றினால் 1,920 கிலோ, எதிர்ப்பு 9,400. இரு மடங்கு நெருங்கிவிட்டது. இது திசை காட்டும் கணக்கு மட்டுமே. உங்கள் ஊர்க் காற்று வேகமும் மண்ணும் தெரிந்த கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கையெழுத்திடாமல் பொது இடத்தில் நிறுத்தாதீர்கள்.

கான்கிரீட் ஊற்றும் முன் நான்கு ஆங்கர் போல்ட்டுகளை அச்சுத் தகட்டில் கட்டி நிறுத்துங்கள். கேபிளுக்கான குழாயையும் அப்போதே வையுங்கள். கான்கிரீட் காய்ந்த பிறகு குழாய் நினைவுக்கு வருவது இந்தத் தொழிலின் தீராத நகைச்சுவை.

9. மின்சாரம்

சிற்பத்துக்குள் 24 வோல்ட் மட்டும். மின்னழுத்தம் குறைக்கும் டிரைவரைச் சிற்பத்துக்கு வெளியே, கை எட்டும் பெட்டியில் வையுங்கள். முதலில் கெடுவது அதுதான். 48 வாட்டுக்கு 60 வாட் டிரைவர், எப்போதும் 80 சதவீதத்துக்குமேல் சுமை வேண்டாம்.

12 வோல்ட் ஏன் வேண்டாம்? டிரைவர் 10 மீட்டர் தள்ளி இருக்கிறது, 1.5 சதுர மி.மீ. செம்புக் கேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஓடும். வழியில் அரை வோல்ட்டுக்குக் குறைவாக, 2 சதவீதம் இழப்பு. 12 வோல்ட்டில் 4 ஆம்பியர். கிட்டத்தட்ட 1 வோல்ட், 8 சதவீதம். பட்டையின் கடைசி முனை மங்குவது கண்ணுக்கே தெரியும். 8 மீட்டரையும் ஒரே சரமாக இழுக்காமல் நான்கு 2 மீட்டர்த் துண்டுகளாகத் தனித்தனியே இணையுங்கள்.

பட்டைகளும் இணைப்புகளும் தூசும் நீரும் புகாத ஐபி 67 தரம். கேபிள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு தொங்கட்டும். வழியும் நீர் அந்த வளைவில் சொட்டி நின்றுவிடும். வீட்டு மின்சாரம் வரும் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் முறையான எர்த்தும், உரிமம் பெற்ற மின்பணியாளர் கையால்.

சூரிய மின்கலம் கேட்பவர்களுக்கு: 48 வாட், இரவில் 5 மணி நேரம், 240 வாட்-மணி. மூன்று மேகமூட்ட நாள் தாங்க 900 வாட்-மணி மின்கலமும் 100 வாட் பலகையும் தேவை. பலகையைச் சிற்பத்தின் தலையில் மாட்டாதீர்கள். அதுவும் காற்றைப் பிடிக்கும் ஒரு பாய். காற்றுக் கணக்கு மாறிவிடும்.

10. பூச்சு

வெல்டிங், துளை, மடிப்பு எல்லாம் முடிந்த பிறகே பூச்சு. ஆக்சிஜனால் லேசர் வெட்டிய எஃகின் விளிம்பில் ஒரு கருநீலப் படலம் இருக்கும். அதை உரசி எடுக்காமல் பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு) போட்டால் விளிம்பிலிருந்து தோல்போல உரியும். நம் சிற்பத்திலோ விளிம்புகள்தான் அதிகம். நைட்ரஜனால் வெட்டினால் இந்தப் படலம் வராது. கூர்விளிம்பில் பூச்சு மெலிந்து நிற்கும் என்பதால் லேசாக மழுக்குவதும் அவசியம்.

துத்தநாகக் குளியல் கொடுப்பதென்றால் மூடிய குழாய்கள் எல்லாவற்றிலும் காற்றுத்துளை இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். ஏறக்குறைய 450 டிகிரித் துத்தநாகத்தில் அடைபட்ட ஈரம் நீராவியாகிக் குழாயையே வெடிக்கவைக்கும். குளித்த பிறகு மேல் வெல்டிங் செய்யக்கூடாது. அந்தப் புகை காய்ச்சல் தரும்.

நிறம்? வெளியே பளபளப்பில்லாத அடர்நிறம், உள்ளே வெள்ளை. துளையின் வெட்டு விளிம்பிலும் வெள்ளை படிந்தால் இரவில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு மெல்லிய கரை கிடைக்கும். தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன்; இப்போது வேண்டுமென்றே செய்கிறேன்.

11. நிறுத்திய முதல் இரவு

அந்தி மயங்கும் நேரத்தில் போய் நில்லுங்கள். வானம் இன்னும் நீலமாக இருக்க, தகடும் தெரிந்து துளையும் ஒளிரும் கால் மணி நேரம் ஒன்று உண்டு; இரண்டு படங்களும் ஒன்றாக நிற்கும் நேரம் அது. பிறகு முழு இருட்டில், நடப்பவர் கண்ணில் நேரடியாக எங்காவது விளக்கு குத்துகிறதா என்று நாலா பக்கமும் குனிந்தும் நிமிர்ந்தும் பாருங்கள். மங்கவைக்கும் குமிழை, போதும் என்று தோன்றும் இடத்துக்கும் சற்றுக் கீழே வையுங்கள். நள்ளிரவில் அணையும்படி டைமர் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரரும் மரத்துப் பறவைகளும் தூங்குவார்கள்.

முதல் பெரிய மழைக்கு மறுநாள் காலையில் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கி, வடிகால் துளைகளில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். தவளை இருந்தால் மெதுவாக இறக்கிவிடுங்கள்.